காலையில் எடுத்த படம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் கிள்ளான் நகரில், தமிழர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவில் நடந்த சம்பவம் இது. அப்போது என் மகளுக்கு நான்கு வயது. இன்றைக்கும் கூட்டமான இடத்தில் ஒலிபெருக்கியில் யாராவது தொண்டையைச் செருமினால், என் கை தானாக அவள் கையைத் தேடுகிறது.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த தோழிகள் இருவர். ஒருத்தி சுங்கை வேயில் இருக்கிறாள், தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் வேலை. இன்னொருத்தி சுங்கை பூலோவில் ஆசிரியை. கல்யாணம், பிள்ளை, வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகு மூவரும் சேர்ந்து வெளியே போனதே இல்லை. அந்த ஆண்டு எப்படியோ ஒரு வார இறுதியை ஒதுக்கினோம். சனிக்கிழமை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், ஞாயிற்றுக்கிழமை கிள்ளான். கடை கடையாக ஏறி இறங்குவது, கண்டதைத் தின்பது, கால் வலித்தால் உட்காருவது. இதுதான் திட்டம்.

என் கணவருக்கு அந்த வாரம் துறைமுகத்தில் பகல் வேலை. மாமியார், "பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு நிம்மதியா போய்ட்டு வாம்மா" என்றார். விட்டுப் போனால் அவள் அழுவாளோ, கூட்டிப் போனால் தோழிகளுக்குத் தொல்லையோ என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கூட்டிக்கொண்டே போனேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பும்போது வாசல் கதவருகே மகளை நிறுத்தி, தலை முதல் கால் வரை தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுவேன். பாலர் பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய அறிவுரை அது. பிள்ளை காணாமல் போனால் பதற்றத்தில் என்ன உடை போட்டிருந்தது என்பதே மறந்துவிடும், படம் இருந்தால் உதவும் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே இன்னும் இரண்டு. தொலைந்த இடத்தை விட்டுத் தாய் நகரக் கூடாது. பிள்ளையின் பெயரை அந்நியர்களுக்குத் தெரியவிடக் கூடாது, பெயர் தெரிந்தால் கூப்பிட்டு ஏமாற்றிவிடுவார்களாம். மூன்றையும் தேர்வுக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். யார் கேட்டாலும் பெயர் சொல்லக் கூடாது என்று மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் நான் தோழிகளை ஒரு வழி செய்துவிட்டேன். இந்தத் தண்ணீர் கொதித்ததா, அந்த வடை எப்போது சுட்டது, பிள்ளை எங்கே, அவள் கை யாரிடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சுங்கை வே தோழிக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"பிள்ள பிடிக்கிறவன் வந்தாகூட இவ கேக்குற கேள்விக்கு அவனே பயந்து ஓடிருவான் லா."

சிரித்துவிட்டேன். ஆனால் இரவு படுத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடம் கழித்துச் சேர்ந்திருக்கிறோம், நான் கெடுக்கிறேனோ? நாளைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் இருக்கணும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் வழக்கம்போலப் படம் எடுத்தேன். வெள்ளைப் புள்ளி போட்ட மஞ்சள் கவுன், காலில் வெள்ளைச் சப்பாத்து, இரண்டு குடுமி. கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானில் இறங்கும்போது மணி பத்தரை. தெருவின் இருபுறமும் கூடாரக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஒரு பாட்டு, ஒன்றை ஒன்று மீறும் சத்தம். தெருக்கோடியில் மேடை போட்டு, நடனப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து ஆடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சுங்கை வே தோழி மருதாணி வைக்கப் போனாள். சுங்கை பூலோ தோழி, செண்டோல் என்னும் தேங்காய்ப்பால் ஐஸ் விற்கும் லோரியின் முன்னால் வரிசையில் நின்றாள். "இதுக்கே அரை மணி நேரம் ஆகும், நீ போய் பாப்பாவுக்குத் துணி பாத்துட்டு வா" என்றாள். நானும் மகளும் மட்டும் ஒரு துணிக்கடைக்குள் போனோம். இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்தும் கடை அது. ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருந்த ஒருவர்தான் எங்களைக் கவனித்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் அளவு நாடா. என் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாடாவைத் தொடாமலே கிளிப்பச்சைப் பட்டுப் பாவாடை சட்டை ஒன்றை உருவி எடுத்தார். அரக்குக் கரை. அளவு சரியாக இருந்தது.

போட்டுப் பார்த்த மகள் கழற்ற மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தீபாவளித் துணியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னால் போடுவது எங்கள் வீட்டில் ஆகாது. மாமியாருக்குத் தெரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் முகம் வாடும். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன்.

"போட்டுட்டே போகட்டுமேக்கா" என்றார் கடைக்காரர். "அன்னைக்கி மஞ்ச வச்சுப் போட்டா அது புதுசுதான். புள்ள ஆசப்படுதுல்ல."

விட்டுக்கொடுத்துத்தான் இருக்கணும் என்று முந்தின இரவு நினைத்தது நினைவுக்கு வந்தது. சரி என்றேன். பாவாடை நாடாவை நானே இழுத்துக் கட்டினேன். அவர் மஞ்சள் கவுனை மடித்து, பிளாஸ்டிக் பையில் வைத்து என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து நான்கு கடை நடந்திருப்போம். ஒரு கூடாரத்தில் அதே பாவாடை தொங்கியது, அடுத்த அளவு. உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளை வளர்கிறதே, அடுத்த அளவை எடுத்திருக்க வேண்டுமோ? அடியில் மடிப்பு எவ்வளவு விட்டிருக்கிறார்கள்? மகளின் கையை விட்டு, பையை முழங்கையில் மாட்டி, இரண்டு கையாலும் பாவாடையின் அடிப்பகுதியைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று விரல் அளவுக்கு மடிப்பு இருந்தது. அவளுடையதிலும் அப்படித்தானா என்று பார்க்கக் குனிந்தேன்.

அவள் இல்லை.

முதலில் கூடாரத்துத் துணிகளுக்குள் ஒளிந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். விலக்கி விலக்கிப் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடுப்புகள், பைகள், கால்கள். தோழிகளுக்கு அழைத்தேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, இருவரும் ஓடி வந்தார்கள். ஒருத்தியின் கையில் பாதி மருதாணி, மீதி அழிந்திருந்தது.

அப்போது நான் செய்த முதல் காரியம், காலையில் எடுத்த படத்தை இருவருக்கும் அனுப்பியதுதான். மனதுக்குள் ஒரு மூலையில், நல்ல வேளை, படம் இருக்கிறது என்று இருந்தது.

சுங்கை வே தோழி படத்தைக் கடை கடையாகக் காட்டிக்கொண்டு போனாள். சந்தையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியிருந்த தொண்டர் அங்கிள் ஒருவர் வந்து, படத்தை வாங்கித் தன் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பினார். "மஞ்சள் கவுன், வெள்ளைச் சப்பாத்து, நாலு வயசு" என்று வாக்கி டாக்கியில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

"மேடையில மைக்ல சொல்லச் சொல்றேன். பேரையும் சொல்லச் சொல்லவா?" என்றாள் சுங்கை பூலோ தோழி.

"பேரு வேணாம்!" என்று கத்தினேன்.

"பேரு சொன்னாத்தானே லா அவளே வருவா!"

"வேணாம். யாராவது பேரச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவாங்க. வேணாம்னா வேணாம்!"

வாதாட நேரமில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கைப்பேசியோடு கூட்டத்துக்குள் நுழைந்து போனாள்.

நான் நகரவில்லை. தொலைந்த இடத்தை விட்டுத் தாய் நகரக் கூடாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் நாற்காலியை எனக்குத் தள்ளினார். உட்காரவில்லை. படத்தை அவரிடம் நீட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"பாவாடை கட்டுன பிள்ளைங்கதாம்மா கூட்டமா இந்தப் பக்கம் போச்சுங்க, டான்ஸ் ஆட. மஞ்சக் கவுன நான் பாக்கல."

"இல்லக்கா, மஞ்சக் கவுன்தான்" என்று நானே அவருக்குத் திருத்திச் சொன்னேன்.

சற்று நேரத்தில் பாட்டு நின்று ஒலிபெருக்கி கரகரத்தது. "நான்கு வயது பெண் குழந்தை ஒன்று காணவில்லை. மஞ்சள் நிறக் கவுன் அணிந்திருக்கிறாள்..." தெரு முழுக்க அந்த வார்த்தைகள் ஓடின. கூட்டம் ஒருமுறை நின்று, தங்கள் தங்கள் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மறுபடி நகர்ந்தது. மறுபடியும் பாட்டு.

அந்த நிமிடங்களில் என்னென்னவோ நினைத்தேன். ரயில் நிலையம் நடக்கும் தூரம்தான், அவளுக்கு ரயில் பிடிக்கும். பெரிய சாலையில் லோரிகள். கொஞ்சம் தள்ளி ஆறு. கணவரின் எண்ணை மூன்று முறை தொட்டு மூன்று முறையும் அணைத்தேன். என்னவென்று சொல்வது? மடிப்பு எத்தனை விரல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா?

தொண்டர் அங்கிளின் வாக்கி டாக்கி பேசியது. அவர் முகம் மலர்ந்தது. "மஞ்சக் கவுனு கெடச்சிருச்சாம்மா! ஸ்டேஷன் போற வழியில!"

நகரக் கூடாது என்பதெல்லாம் போயிற்று. ஓடினேன். யார் மேலெல்லாம் இடித்தேன், தெரியாது. சாலைத் திருப்பத்தில் மஞ்சள் கவுன் தெரிந்தது. பின்பக்கம்தான் தெரிந்தது. பாய்ந்து தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு பிள்ளை. மிரண்டு வீரிட்டு அழுதது. அதன் அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"என்ன செய்றீங்க? யார் பிள்ளைய யாரு இழுக்கிறது?"

"சாரி... சாரிண்ணே... என் பிள்ளைன்னு..."

விவரம் தெரிந்ததும் அவர் முகம் மாறியது. தன் பிள்ளையைத் தூக்கி இறுக்கி அணைத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திரும்பி நடந்தேன். நான் இல்லாத நேரத்தில் அவள் அந்தக் கூடாரத்துக்குத் திரும்பி வந்து, என்னைக் காணாமல் மறுபடி எங்காவது போயிருந்தால்? இந்த எண்ணம் வந்ததும் மீண்டும் ஓடத் தொடங்கினேன்.

கூடாரத்தில் அவள் இல்லை. அவளைக் காணாமல் முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஒலிபெருக்கி மூன்றாவது முறையாக மஞ்சள் கவுனைப் பற்றிச் சொன்னது. சுங்கை வே தோழி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போலீசுக்குப் போயிருவோம்மா" என்றார் தொண்டர் அங்கிள்.

அப்போதுதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா.

"அக்கா, நீங்கதானா? நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன், என்ன மஞ்ச கவுனு மஞ்ச கவுனுன்னு சொல்றாங்க? அதைத்தான் நான் மடிச்சுக் குடுத்தேனே. உங்க கையில இருக்கிற பையிலதானே இருக்கு?"

முழங்கையில் தொங்கிய பையைப் பார்த்தேன். மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே மஞ்சள் நிறம் நன்றாகவே தெரிந்தது. வெள்ளைப் புள்ளிகள்கூடத் தெரிந்தன. இதை மாட்டிக்கொண்டுதான் இத்தனை நேரமும் ஒரு ஊரையே மஞ்சள் கவுனைத் தேட விட்டிருந்தேன்.

"பச்சப் பாவாட" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி. "அரக்குக் கரை. இருபத்திரெண்டாம் நம்பரு அளவு. தேடுங்க."

பூக்கட்டும் அக்கா மடியிலிருந்த சரத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். "பச்சப் பாவாடையா? ஐயோ, அந்த டான்ஸ் பிள்ளைங்க வரிசையில கடைசியா போச்சேம்மா! நான் அதுங்களோட பிள்ளைன்னுல்ல நெனச்சேன்!"

மேடையை நோக்கி ஓடினோம். மேடையில் வேறு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கச் சந்தில் ஒரு வேன் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண், இழுவைக் கதவைச் சாத்தப் போனார். கதவு மூடுவதற்குள் கடைக்காரர் கையைக் குறுக்கே கொடுத்துத் தடுத்துவிட்டார்.

கடைசி இருக்கையில், கண்ணுக்கு மை தீட்டிய இரண்டு சிறுமிகளுக்கு நடுவில், தலையில் மல்லிகைச் சரமும் கையில் பாதி முறுக்குமாக என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் டான்ஸ் ஆடப் போறேன்" என்றாள்.

கதவைச் சாத்த வந்தவர் நடன ஆசிரியை. அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "என் பிள்ளைங்க சரியா இருக்கே. பதினொண்ணு. ரெண்டு தடவ எண்ணினேன்." பிறகுதான் விளங்கியது. ஆடி இறங்கியதும் அவர்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி வந்து, அதன் அம்மா ஆசிரியையிடம் சொல்லாமல் உதவிக்கு வந்திருந்த பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டிப் போயிருந்தார். பட்டுப் பாவாடையோடு வரிசையில் வந்து உட்கார்ந்த என் மகள் அந்த இடத்தை நிரப்பிவிட்டாள். தலை வெறுமையாக இருக்கிறதே என்று யாரோ பூவும் வைத்துவிட்டார்கள். அடுத்த நிகழ்ச்சி பக்கத்து நகரான ஷா ஆலமில். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் வேன் கிளம்பியிருக்கும். இதைச் சொல்லி முடித்ததும் அந்த ஆசிரியை வேனின் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

மகளைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் காதில் கேட்டாள்.

"அம்மா, மஞ்சக் கவுன் பாப்பா காணாமப் போச்சாம். மைக்ல சொன்னாங்க. கண்டுபிடிச்சாச்சா?"

அரை மணி நேரம் மேடையின் காலடியில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய அறிவிப்பை அவள் மூன்று முறை கேட்டிருக்கிறாள். யாரோ ஒரு பாப்பாவுக்காகக் கவலைப்பட்டிருக்கிறாள். ஒருமுறை பெயரைச் சொல்லியிருந்தால் போதும்.

"பூ வச்ச ஆன்டி என் பேரு கேட்டாங்கம்மா" என்றாள் அடுத்து, பெருமையாக. "நான் சொல்லவே இல்ல."

சுங்கை வே தோழி அன்று கேலி எதுவும் பேசவில்லை. என் கைப்பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். மூவரும் கடைக்காரருக்கு நன்றி சொல்லத் துணிக்கடைக்குப் போனோம். அவர் வேறு யாருக்கோ துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டார்.

"எல்லாரும் ஃபோட்டோவப் பாத்தாங்க. நான் புள்ளய நேர்ல பாத்தேன், அவ்ளோதான்க்கா" என்றார். பிறகு துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "ஊர்ல எனக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. மூணு வருஷமா ஃபோட்டோவுலதான் பாக்குறேன். போன பெருநாளைக்கு ஃபோட்டோவப் பாத்து அளவெடுத்துத்தான் சட்டை அனுப்புனேன். கையே நொழையலையாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

அன்று இரவே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மாமியாரிடம் மட்டும் சொல்லவில்லை. தீபாவளி காலையில் அவர் அந்தப் பச்சைப் பாவாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவும்போது, "புதுத்துணியில ஏன் இங்க எண்ணெய்க் கறை?" என்று கேட்டார். முறுக்குத் தின்ற கையின் கறை. கடையில் போட்டுப் பார்த்தாள் என்று பாதி உண்மையைச் சொன்னேன். இதைப் படித்தால் மீதியும் தெரிந்துகொள்வார்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் வெளியே கிளம்பும்போது வாசலில் மகளை நிறுத்திப் படம் எடுக்கிறேன், அவளும் சலித்துக்கொண்டே நிற்கிறாள். ஆனால் எடுத்து முடித்ததும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, அவளை ஒருமுறை நேராகப் பார்க்கிறேன். அவளைக் காக்கிறேன் என்று நினைத்த அந்த முப்பத்தைந்து நிமிடமும், காலையில் வாசலில் நின்ற ஒரு பிள்ளையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.